கிளீவ்: பிளப்பதா, ஒட்டிக்கொள்வதா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4

கிளீவ் என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதியில் முதல் பொருள் பிள, பிரி. அதே பதிவில் அடுத்த பொருள் ஒட்டிக்கொள், விடாமல் பற்றிக்கொள். நேர் எதிரான இரண்டு பொருளை ஒரே சொல் எப்படித் தாங்கும்? எது எங்கே என்று வாசிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஸ்ப்ளிட் இருக்கிறது, கட் இருக்கிறது, செப்பரேட் இருக்கிறது. இந்தச் சொல்லை எல்லோரும் கைவிட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

பிப்ரவரி 4, இரவு

கைவிட வேண்டாம். உங்கள் எரிச்சல் நியாயம்தான், ஆனால் அது ஒரே சொல் அல்ல. இரண்டு தனித்தனி வினைச்சொற்கள், காலப்போக்கில் ஒரே எழுத்துக்கும் ஒரே ஒலிக்கும் வந்து சேர்ந்துவிட்டன. பெரிய அகராதிகள் இரண்டையும் தனித்தனிப் பதிவாக எண் போட்டுத் தரும். சின்ன அகராதிகள் இடத்தை மிச்சம் பிடிக்க இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடுகின்றன, குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் பிளப்பதற்கு கிளேயோவன் என்ற வினை, ஒட்டிக்கொள்வதற்கு கிளிவியன் என்ற வினை. கேட்டாலே வேறு வேறு என்று தெரியும். முதலாவது, நடுவிலுள்ள உயிரை மாற்றி இறந்தகாலம் காட்டுகிற பழைய வகை, ஃப்ரீஸ், ஃப்ரோஸ், ஃப்ரோசன் மாதிரி. இரண்டாவது, கடைசியில் டகர ஒலி சேர்த்து இறந்தகாலம் காட்டுகிற சாதாரண வகை. இடைக்கால ஆங்கிலத்தில் உயிரொலிகள் மாறி, ஈறுகள் தேய்ந்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. ஜெர்மன் மொழியில் அந்த விபத்து நடக்கவில்லை. அங்கே பிளப்பது கிளீபென், ஒட்டுவது கிளேபென், இன்றைக்கும் தனித்தனிதான்.

வேர்களும் வேறு. பிளக்கிற வினைக்கு, கிரேக்கத்தில் செதுக்குவதைக் குறிக்கிற கிளிஃபைன் உறவு. எகிப்தின் சித்திர எழுத்துக்கு ஹைரோகிளிஃப் என்று பெயர் வந்தது அந்தக் கிரேக்க வினையிலிருந்துதான். ஒட்டிக்கொள்கிற வினைக்கு உறவு, களிமண்ணைக் குறிக்கும் கிளே, பசையைக் குறிக்கும் குளூ. ஒரு பக்கம் உளி, ஒரு பக்கம் பசை. இதை ஒருமுறை தெரிந்துகொண்டால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள முடியாது.

பிப்ரவரி 5

எது எங்கே என்று எப்படித் தெரியும் என்ற பாதிக்கு நேற்று பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பின்னால் வருகிற சிறு சொல்லைப் பாருங்கள். ஒட்டிக்கொள்கிற கிளீவ் பெரும்பாலும் டூ என்ற இடைச்சொல்லோடு வரும், பழைய நடையில் அன்டூ. கிளீவ் டூ என்றால் ஒட்டு, பற்று, விசுவாசமாக இரு. பிளக்கிற கிளீவுக்கு நேராகச் செயப்படுபொருள் வரும், கிளீவ் த வுட் என்பதுபோல. அல்லது இன்டூ, த்ரூ வரும், அல்லது எதுவுமே வராமல் பொருள் தானே பிளக்கும். நமக்கு இது புதிதே இல்லை. மரத்தோடு ஒட்டியது, மரத்தைப் பிளந்தது என்று வேற்றுமை உருபே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த உருபு செய்கிற வேலையை டூ செய்கிறது.

வாக்கியத்துக்குள் வைத்துப் பார்க்கும்போது இந்த இரண்டும் மோதி நிற்கிற இடம் எனக்கு இதுவரை அகப்படவில்லை. தனியாக எடுத்து மேசைமேல் வைத்தால்தான் அது புதிராகத் தெரிகிறது.

பிப்ரவரி 7

ஒருவர் கேட்டிருக்கிறார்: பைபிளில் இரண்டு பொருளும் ஒரே நூலுக்குள் வருகிறதே, அங்கே குழப்பம் வரவில்லையா? நல்ல கேள்வி. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு இந்தச் சொல்லைப் படிக்க மிகச் சிறந்த இடம்.

ஆதியாகமம் 2:24இல் ஒருவன் தாய் தகப்பனை விட்டு மனைவியோடு சேர்ந்திருப்பான் என்று வருகிறதே, அங்கே கிளீவ் அன்டூ. அதே ஆதியாகமம் 22:3இல் ஆபிரகாம் பலிக்கு விறகைப் பிளக்கிறார், அங்கே கிளேவ் என்ற இறந்தகாலம். அப்புறம் ரூத் 1:14. மாமியாரை விட்டுப் போகாமல் ரூத் நின்றுவிட்ட இடம், அங்கேயும் கிளேவ், ஆனால் அன்டூவோடு. அதாவது விறகு பிளந்ததற்கும் மாமியாரை விடாமல் பிடித்துக்கொண்டதற்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே இறந்தகால வடிவம். சூழலும் அந்த அன்டூவும் மட்டுமே வித்தியாசம் காட்டுகின்றன. அந்த மொழிபெயர்ப்பை நூற்றாண்டுகளாகச் சத்தமாக வாசித்துக் கேட்டவர்கள் இதில் தடுமாறியதாகத் தெரியவில்லை.

மூலமான எபிரேயத்தில் இரண்டும் வேறு வேறு வினைகள்தான். ஒட்டுவதற்கு தாவக், பிளப்பதற்கு பாகா. நம் பழைய தமிழ் பைபிளையும் எடுத்துப் பாருங்கள். மனைவியோடே இசைந்திருப்பான், ரூத்தோ அவளை விடாமல் பற்றிக்கொண்டாள், நாவு மேல்வாயோடு ஒட்டிக்கொள்வதாக. இந்த மூன்று இடத்திலும் எபிரேயத்தில் ஒரே தாவக், ஆங்கிலத்தில் ஒரே கிளீவ். தமிழில் இசைதல், பற்றுதல், ஒட்டுதல் என்று மூன்று. உறவுக்கு ஒன்று, பிடிவாதமான பாசத்துக்கு ஒன்று, காய்ந்த நாக்குக்கு ஒன்று. இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்தவர்களின் காது எவ்வளவு நல்ல காது என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். விறகுக்கு நேராக பிளந்துகொண்டு என்று போட்டார்கள்.

இன்னொன்று. செங்கடல் பிரிகிற யாத்திராகமம் 14:16இல் எபிரேயத்தில் இருப்பது அந்த விறகு பிளக்கிற பாகாதான். கிங் ஜேம்ஸ் அங்கே கிளீவ் போடவில்லை, டிவைட் என்று போட்டது. தமிழில் சமுத்திரத்தைப் பிளந்துவிடு. மூலத்தில் உள்ள கோடரியின் வேகம் தமிழில்தான் நிற்கிறது.

பிப்ரவரி 7, பிற்பகல்

சேர்க்க மறந்தது. பைபிளைத் தாண்டினால் ஷேக்ஸ்பியர். ஹாம்லெட்டில் தாய் மகனைப் பார்த்து என் இதயத்தை இரண்டாகப் பிளந்துவிட்டாய் என்கிறாள், அங்கே கிளெஃப்ட். மாக்பெத்தில் பாங்கோ, புதிதாக வந்த பதவியைப் புது உடைக்கு ஒப்பிட்டு, உடுத்திப் பழகினால்தான் அது உடம்போடு பொருந்தும் என்கிறான், அங்கே கிளீவ், கூடவே டூ. ஒரே கை எழுதியது. அவருக்கும் இரண்டு சொல்தான்.

பிப்ரவரி 11

அப்படியானால் தமிழில் வெட்டு என்று போட்டாலே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தொழிலே இதுதான்.

நான் பல வருடங்களாக உயிரியல், வேதியியல் பாடங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறேன். ஒரு முறை ஒரு பதிப்பகத்தில், ஒரே சீராக இருக்க வேண்டும் என்று சொல்லி, கட், ஸ்ப்ளிட், ஸெவர், கிளீவ் எல்லாவற்றுக்கும் வெட்டு என்ற ஒரே சொல்லைக் கணினியில் மாற்றிப் போட்டுவிட்டார்கள். கருவியல் பாடத்தில், கருவுற்ற முட்டை முதல் முறை வெட்டப்பட்டபின் என்று ஆரம்பித்து ஒரு பக்கம் முழுக்க வெட்டு. படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. யார் வெட்டுகிறார்கள், எந்தக் கத்தியால்? முட்டை தானாகப் பிளக்கிறது. மனிதக் கருமுட்டையில் கருவுற்று ஏறக்குறைய 30 மணி நேரத்தில் முதல் பிளவு முடிகிறது. இரண்டாகிறது, நான்காகிறது, எட்டாகிறது. மொத்த உருவம் பெரிதாவதில்லை, உள்ளே உள்ள செல்கள்தான் பிளவுக்குப் பிளவு சிறிதாகிக்கொண்டே போகின்றன. இதற்குத் தமிழ்ப் பாடநூல்களில் பிளவிப்பெருகல் என்று அழகான சொல் இருக்கிறது. பிளப்பதையும் சொல்கிறது, பெருகுவதையும் சொல்கிறது. அதை விட்டுவிட்டு வெட்டு என்று எழுதினால் மாணவர் மனதில் தவறான படம் பதியும். நான் சண்டை போட்டேன், பாதி இடத்தில்தான் ஜெயித்தேன்.

வெட்டு என்பதில் கத்திதான் நாயகன். எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், குறுக்கே வெட்டலாம், கோணலாக வெட்டலாம். பிள என்பதில் பொருள்தான் நாயகன். பொருளுக்குள் ஏற்கெனவே ஒரு போக்கு இருக்கிறது, அந்தப் போக்கில் அது விடுகிறது. விறகை நார் ஓடுகிற திசையில்தான் பிளக்க முடியும், நாருக்குக் குறுக்கே அறுக்கத்தான் முடியும், யாரும் குறுக்கே பிளப்பதில்லை. கிளீவ் இந்த வேலையைத்தான் குறிக்கிறது. இங்கிலாந்தில் வேலிக்கும் கூரைக்கும் பிளந்த மரத்தை விரும்பி வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அறுத்த பலகையில் அறுபடுகிற நார்கள் பிளந்த மரத்தில் முழு நீளத்துக்கும் அறாமல் இருப்பதால் அது வலுவாக இருக்கும் என்பதற்காக.

இலக்கணத்திலும் பிள கிளீவுக்கு நல்ல ஜோடி. பிரிந்தது, பிரித்தான். உடைந்தது, உடைத்தான். தமிழில் பல வினைகள் தானே நடப்பதற்கு ஒரு வடிவமும் பிறர் செய்வதற்கு ஒரு வடிவமும் வைத்திருக்கின்றன. பிள அப்படி இல்லை. நிலம் பிளந்தது, மரத்தைப் பிளந்தான், இரண்டுக்கும் ஒரே வடிவம். கிளீவும் அப்படியே, மரமும் கிளீவ் ஆகும், ஆளும் மரத்தை கிளீவ் செய்வார். இந்தப் பொருத்தத்தைக் கவனித்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இங்கே சொன்னால் உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

வேதியியலில் டிரிப்சின் என்ற நொதி புரதச் சங்கிலியில் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களை அடுத்து உள்ள பிணைப்பைத்தான் பிளக்கும், கண்ட இடத்தில் கை வைக்காது. அங்கேயும் கிளீவ் என்றே எழுதுகிறார்கள். அதுவும் ஏற்கெனவே இருக்கிற ஒரு மூட்டில் விடுவதுதான்.

பிப்ரவரி 12

கல்லுக்கும் இதே கதை. மைக்கா ஏடு ஏடாக உரியும், ஒரே ஒரு திசையில். கல்லுப்பு ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் பிளந்து சின்னச் சின்னக் கனசதுரமாக விழும். வைரத்துக்கு நான்கு திசைகள். குவார்ட்ஸுக்கு அப்படித் தெளிவான தளமே கிடையாது, உடைந்தால் கண்ணாடி உடைந்த மாதிரி வளைவு வளைவாக உடையும். படிகத்துக்குள் அணுக்களின் பிணைப்பு எந்தத் தளத்தில் குறைவோ அந்தத் தளத்தில் விடுகிறது. இந்தக் குணத்துக்கு ஆங்கிலப் பெயர் கிளீவேஜ். கண்டபடி உடைவதற்கு ஃப்ராக்சர். புவியியல் படிப்பவர்கள் இந்த இரண்டையும் ஒருபோதும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள்.

உலகின் மிகக் கடினமான இயற்கைப் பொருள் என்று வைரத்தைச் சொல்கிறோம், ஆனால் சரியான தளத்தில் சரியான ஒரு தட்டு போதும், இரண்டாகிவிடும். 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3106 காரட் கல்லினன் வைரத்தை 1908 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் பிளந்தார். முதலில் கல்லில் இன்னொரு வைரத்தால் ஒரு பள்ளம் தேய்த்து, அதில் எஃகுத் தகட்டை வைத்துத் தட்ட வேண்டும். முதல் அடியில் உடைந்தது தகடு. பிறகுதான் கல் விட்டது. கடைசியில் ஒன்பது பெரிய கற்களும் 96 சிறிய கற்களும். இவ்வளவுக்கும் அந்தத் தகட்டில் கூர்மையே இருக்காது, மழுங்கலாகத்தான் இருக்கும். அறுக்க அல்லவே அது, ஆப்பு மாதிரி அகட்டத்தான். வைரத் தொழிலில் பிளக்கிறவர் வேறு, அறுக்கிறவர் வேறு, இரண்டும் தனித்தனி வேலைகள்.

பிப்ரவரி 12, இரவு

சமூகவியலில் எப்படி வந்தது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: 1967இல் லிப்செட், ரொக்கான் என்ற இரண்டு அரசியல் சமூகவியலாளர்கள் ஐரோப்பியக் கட்சிகளைப் பற்றி எழுதியபோது, சமூகத்தை ஆழமாகப் பிரிக்கிற கோடுகளுக்கு கிளீவேஜ் என்ற சொல்லை வைத்து நான்கு கோடுகளைச் சொன்னார்கள். மையமும் விளிம்பும், அரசும் திருச்சபையும், நிலமும் தொழிற்சாலையும், முதலாளியும் தொழிலாளியும். ஒரு தேர்தலுக்கு வந்துபோகிற கருத்து வேறுபாட்டை அந்தச் சொல்லால் சொல்வதில்லை. நார் மாதிரி உள்ளே ஓடுகிற பிரிவாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 16

இந்த இழையில் வந்த மிக நல்ல மறுப்பு இதுதான். ஆப்டிகல் ஃபைபர் இணைக்கிற வேலையில் இருக்கிற ஒருவர் எழுதியிருக்கிறார்: நாங்கள் தினமும் ஃபைபரை கிளீவ் செய்கிறோம், கருவிக்கே பெயர் கிளீவர், ஆனால் ஃபைபர் என்பது கண்ணாடி, படிகம் அல்ல, அதற்குள் நாரும் இல்லை தளமும் இல்லை, அப்புறம் எந்த உள்கோட்டில் பிளக்கிறது?

இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மேல் உறையை உரித்து, ஆல்கஹாலால் துடைத்து, 125 மைக்ரான் தடிமனுள்ள அந்த இழையைக் கருவியில் வைத்து, வைரமோ டங்ஸ்டன் கார்பைடோ உள்ள பிளேடால் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் மட்டும் போடுகிறார்கள். இழுவையோ வளைவோ கொடுத்ததும் அந்தக் கீறலிலிருந்து விரிசல் தானே ஓடி மறுபக்கம் போய்விடுகிறது. முனை கண்ணாடி மாதிரி வழவழவென்று, கிட்டத்தட்ட செங்குத்தாக வர வேண்டும். கோணம் ஒரு டிகிரிக்கு மேல் போனால் அதைத் தள்ளிவிட்டு மறுபடி போடுகிறார்கள்.

ஆக, உள்ளே கோடு இருந்தால்தான் கிளீவ் என்று நான் சொன்னதைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். கருவி தொடங்கிவைக்கிறது, பொருள் தானே முடிக்கிறது. இதுதான் எல்லா இடத்துக்கும் பொருந்துகிறது. விறகில் ஆப்புக்கு முன்னால் விரிசல் ஓடுகிறது, கோடரியின் முனை அங்கே போய்ச் சேருவதற்குள் கட்டை விட்டுவிடுகிறது. வைரத்திலும் அப்படியே. ரம்பமோ கடைசி நார் வரைக்கும் தானே போயாக வேண்டும். அறுப்பதற்கும் பிளப்பதற்கும் நடுவில் இதைவிடத் தெளிவான எல்லை எனக்குத் தெரியவில்லை.

அவர் எழுதியதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அவர்கள் கிளீவ் செய்வதே ஒட்டுவதற்காகத்தான்! முனை சரியாகப் பிளந்தால்தான் அடுத்த முனையோடு உருக்கி இணைக்க முடியும். உயிரியலிலும் இதற்குச் சகோதரன் உண்டு. ஈகோ ஆர் ஒன் என்ற நொதி டிஎன்ஏவைப் பிளக்கும்போது இரண்டு இழைகளையும் நேராக விடாமல் படிபோல விட்டுவிடும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அந்த முனைகளுக்கு ஒட்டும் முனைகள் என்றே பெயர். அதே நொதியால் பிளந்த வேறொரு டிஎன்ஏ துண்டு அங்கே வந்து பொருந்தும். மரபணுப் பொறியியல் இந்தப் பொருத்தத்தை வைத்துத்தான் வளர்ந்தது. கிளீவ் என்ற இரண்டு சொற்களுக்கும் வரலாற்றில் உறவு இல்லை, அதை மறுபடியும் அழுத்திச் சொல்கிறேன். ஆனாலும் வேலை நடக்கிற இடத்தில் இரண்டும் அடுத்தடுத்த படிகளாக வருவதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 17

கப்பல் கடலைக் கிழித்துப் போவதற்கும் பறவை காற்றைக் கிழிப்பதற்கும் கிளீவ் வருகிறதே, தண்ணீரில் ஏது விரிசல் என்று உடனே ஒருவர். அது கவிதை வழக்கு. இரண்டு பக்கமும் விலகுகிற தோற்றத்துக்காக வந்தது. அதற்கு என் விதியைப் போட்டுப் பார்க்க வேண்டாம். தமிழில் அங்கே பிள வேண்டாம், கிழி நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 20

பிளக்கிற கிளீவுக்கு இறந்தகாலம் எதைப் போடுவது? கிளெஃப்ட், கிளோவ், கிளீவ்ட், மூன்றும் உண்டு, எச்சத்துக்கு கிளோவனும் உண்டு. பரீட்சைக்காகக் கேட்பவர்களுக்கு: மூன்றும் சரி. எழுதுவதற்காகக் கேட்பவர்களுக்கு: அறிவியலில் எப்போதும் கிளீவ்ட். நொதி பிணைப்பை கிளோவ் செய்தது என்று எந்த ஆய்வுக் கட்டுரையிலும் வராது. பழைய வாசனை வேண்டிய கதையில் கோடரி கிளோவ் செய்யலாம். ஒட்டிக்கொள்கிற வினைக்கு இன்று கிளீவ்ட் மட்டும்தான், கிளேவ் பழைய பைபிளோடு நின்றுவிட்டது.

பெயரடையாக வரும்போது இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மாட்டின் குளம்பு கிளோவன். உதடும் அண்ணமும் பிளந்து பிறப்பது கிளெஃப்ட். மோவாய்க் குழியும் கிளெஃப்ட். இவற்றை மாற்றிப் போட்டால் ஆங்கிலம் பேசுகிறவர் காதுக்கு உடனே இடிக்கும்.

இந்த உதாரணங்களில் ஒன்றைக் கவனியுங்கள். குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கிறது, ஆனால் ஒரே காலில்தான் இருக்கிறது. பிளந்த பக்கங்கள் மேலே காலோடு சேர்ந்தே இருக்கின்றன. ஸெவர் அப்படி இல்லை. அது லத்தீனின் செபராரேயிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, செப்பரேட்டுக்கு உடன்பிறப்பு. ஸெவர் ஆன விரல் கையில் இல்லை. ஸெவர் ஆன உறவு முடிந்த உறவு. துண்டி, அறு என்று தமிழில் சொல்வோம்.

பிப்ரவரி 22

கிளோவ் என்ற இறந்தகாலத்துக்கும் பூண்டுப் பல்லுக்கும் உறவு உண்டா? உண்டு. பிளந்து பிளந்து நிற்பதால் பல்லுக்கு அந்தப் பெயர். ஜெர்மனில் பூண்டின் பெயர் க்னோப்லாவ்க், அதன் பழைய வடிவத்தின் முதல் பாதியும் இந்தப் பிளத்தல்தான். ஆனால் கிராம்புக்கு உள்ள கிளோவ் வேறு. அது ஆணியைக் குறிக்கும் லத்தீன் கிளாவுஸிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, கிராம்பைப் பார்த்தால் ஆணி மாதிரிதானே இருக்கிறது. இசைக் குறியீட்டில் வரும் கிளெஃப் சாவியைக் குறிக்கும் சொல், இரண்டு கிளீவுக்கும் சொந்தம் இல்லை.

இறைச்சி வெட்டுகிற பெருங்கத்தி கிளீவர், பிளக்கிற வினையிலிருந்து. துணியில் ஒட்டிக்கொள்கிற ஒரு களைச்செடி, கொக்கி முடி நிறைந்தது, அதன் பெயர் கிளீவர்ஸ், ஒட்டுகிற வினையிலிருந்து. ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

தமிழில் பிரி என்ற சொல்லை யோசித்துக்கொண்டிருந்தேன். வினையாக இருந்தால் விலகு. பெயராக இருந்தால் கயிற்றின் ஓர் இழை, முப்பிரிக் கயிறு என்கிறோமே அது, முறுக்கி ஒன்றாக்கத்தான் அந்தப் பிரி. போழ், வகிர் என்ற பழைய வினைகளும் நினைவுக்கு வருகின்றன. போழ் பிளப்பதற்கு, வகிர் நீளவாக்கில் கீறிப் பிரிப்பதற்கு. வகிரில் கூர்முனையின் வேலை அதிகம், போழ் கிளீவுக்குப் பக்கத்தில் வரும். இலக்கிய மொழிபெயர்ப்பில் போழை யாராவது துணிந்து பயன்படுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை.

பிப்ரவரி 23

இப்படி எதிரெதிர்ப் பொருள் தாங்கும் வேறு சொல் கேட்டீர்கள். கிளிப்பைப் பாருங்கள், கிட்டத்தட்ட இதே கதை. நகத்தை கிளிப் செய்தால் வெட்டு, தாளை கிளிப் செய்தால் சேர்த்துப் பிடி. வெட்டுவது பழைய நார்ஸ் மொழியிலிருந்து, பிடிப்பது தழுவுவதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து. லெட் இன்னொன்று. அனுமதி என்ற லெட் எல்லோருக்கும் தெரியும். தடு என்ற லெட் வழக்கில் செத்துவிட்டது, ஆனால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் உள்ளே தடையின்றிச் செல்ல விடவும் என்று கேட்கிற வரியில் இன்னும் அச்சில் இருக்கிறது. இதிலும் இரண்டு வேர்கள். சாங்ஷன் மட்டும் வேறு ஜாதி, அது உண்மையிலேயே ஒரே சொல், அனுமதிக்கும் தண்டனைக்கும் பொருள் கிளைத்தது.

பிப்ரவரி 27

முதல் கேள்வி கேட்டவரே திரும்பி வந்து தன் கதையிலிருந்து ஒரு வரியைப் போட்டிருக்கிறார். இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்த தம்பதி பிரிந்ததை, அவர்கள் கிளீவ்ட் என்று எழுதலாமா?

வேண்டாம். செயப்படுபொருளும் இல்லாமல் டூவும் இல்லாமல் ஆட்களை எழுவாயாக வைத்தால் வாசிக்கிறவர் நின்றுவிடுவார். பார்ட்டட், ஸ்ப்ளிட் அப், செப்பரேட்டட், இந்த மூன்றில் ஒன்று. சட்டப்படி இன்னும் மணவாழ்க்கை முடியவில்லை என்றால் செப்பரேட்டட். பேச்சு நடைக்கு ஸ்ப்ளிட் அப். அமைதியாக, மனக்கசப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட நினைத்தால் பார்ட்டட். ஆனால் பார்ட் ஃப்ரம் என்றால் ஒருவரை விட்டுப் பிரிவது, பார்ட் வித் என்றால் பெரும்பாலும் ஒரு பொருளை மனமில்லாமல் கைவிடுவது, அங்கே கவனம்.

உங்கள் கதையில் கிளீவுக்கு வேறு இடம் இருக்கிறது, மூன்றாவது பத்தியில். சொத்துத் தகராறு வந்து குடும்பம் அண்ணன் பக்கம், தம்பி பக்கம் என்று ஆனதை எழுதியிருக்கிறீர்களே. பழைய மனக்குறை உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, தகராறு தொடங்கிவைத்தது, குடும்பம் தானே விட்டது. அந்த இடத்தில் டிவைடட் என்பதை எடுத்துவிட்டு, த க்வாரல் கிளெஃப்ட் த ஃபேமிலி என்று போட்டுப் பாருங்கள். அதே பத்தியின் கடைசியில் பாட்டி மட்டும் பழைய வீட்டை விடாமல் இருக்கிறாள் அல்லவா, அங்கே ஷி கிளீவ்ட் டூ த ஹவுஸ் என்றும் போடலாம். ஒரே பத்தியில் இரண்டும் வருவது அதிகமாகப் பட்டால் பாட்டிக்கு க்ளங் டூ போதும், முதலாவதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.